மாணவர் விடைத்தாளில் சமயம்: சிரிப்பூட்டும் பிழைகள் எங்கிருந்து வருகின்றன?

பள்ளி மாணவர்கள் சமயங்களைப் பற்றி எழுதும்போது என்னென்ன வேடிக்கையான பிழைகள் செய்கிறார்கள், அவை ஏன் நேர்கின்றன, திருத்தும் ஆசிரியர் அவற்றை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழாசிரியராக முப்பத்தோர் ஆண்டுகள் பணியாற்றினேன். இடையில் ஆள் பற்றாக்குறையால் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியலும் நடத்தினேன். திருத்தும் தாள்களில் கண்ட பிழைகளில் மனத்தைவிட்டுப் போகாதவற்றைக் குறிப்பேடு ஒன்றில் எழுதிவைப்பது வழக்கம். பிள்ளைகளின் பெயரை அதில் எழுதியதில்லை. பிழையை மட்டும், அது வந்த இடத்தோடு எழுதிவைத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இலங்கையில் சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம் என்று அவரவர் சமயம் சாதாரண தரத் தேர்வு வரை கட்டாயப் பாடம். பிள்ளை தன் வீட்டுச் சமயத்தைப் படிக்கிறது. தமிழ்நாட்டில் அப்படித் தனிப் பாடம் கிடையாது. தமிழ்ப் பாடத்தில் தேவாரமும் திருப்பாவையும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் செய்யுளாக வருகின்றன. சமூக அறிவியலில் புத்தரும் மகாவீரரும் வரலாறாக வருகிறார்கள். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் எல்லாச் சமயங்களையும் பற்றி எழுதியாக வேண்டும். வீட்டில் ஒருமுறைகூடக் காதில் விழாத சொல்லை முதல்நாள் இரவு உருப்போட்டு, மறுநாள் காலை தாளில் இறக்குகிறார்கள். சொல் நினைவுக்கு வந்துவிடும், பொருள் வராது. அந்தப் பொருளின் இடத்தில் பிள்ளை தனக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்கும். நான் கண்ட பிழைகளில் முக்கால்வாசி இப்படிப் பிறந்தவை.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வரி இருக்கிறது: "பல்லவர் காலத்தில் சைவம், அசைவம் ஆகிய இரு சமயங்கள் வளர்ந்தன." வைணவம் என்று வர வேண்டிய இடம். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்தப் பிள்ளை 'சைவம்' என்ற சொல்லைப் பாடப்புத்தகத்துக்கு வெளியே எங்கே பார்த்திருக்கும்? பஸ் நிலையத்து உணவகப் பலகையில் பார்த்திருக்கும். அங்கே அந்தச் சொல் ஒருநாளும் தனியாக நின்றதில்லை. பக்கத்திலேயே 'அசைவம்' இருக்கும். ஒன்றை எழுதியதும் கை மற்றொன்றைத் தானாக எழுதிவிட்டது. சிவனை முழுமுதற் கடவுளாகக் கொண்ட சமயத்தின் பெயர்தான் புலால் சேராத உணவுக்கும் வழங்குகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

மறுநாள் வகுப்பில் கண்ணப்ப நாயனார் கதையைச் சொன்னேன். காளத்தி மலைக் காட்டில், தான் வேட்டையாடிய பன்றியின் இறைச்சியைச் சுட்டு, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்ல துண்டுகளாகத் தேர்ந்து சிவலிங்கத்துக்குப் படைத்தவர் அவர். சேக்கிழார் பெரியபுராணத்தில் அவரை அறுபத்து மூவரில் ஒருவராக வைத்து உருகிப் பாடுகிறார். "அப்படியென்றால் சைவத்திலேயே அசைவம் உண்டா ஐயா?" என்று ஒரு பையன் எழுந்து கேட்டான். அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்விக்கே போயிற்று. பாடத்திட்டப்படி நடத்தியிருந்தால் அப்படி ஒரு கேள்வியை அந்த வகுப்பிலிருந்து நான் பெற்றிருக்க மாட்டேன்.

அறுபத்து மூவர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. "அறுபத்து மூவர் என்பவர்கள் அறுபது வயதான மூன்று பெரியவர்கள்." தொகைச் சொல்லைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளை, பிரித்த இடம்தான் தவறு. இதன் உடன்பிறப்பு "மூவர் தேவாரத்தை நால்வர் பாடினார்கள்" என்ற விடை. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவர் பாடியது தேவாரம். மாணிக்கவாசகரையும் சேர்த்தால் சமயக் குரவர் நால்வர். இரண்டு கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை இரண்டையும் ஒரே வரியில்தான் எழுதும்.

மாணவர்களை 'பள்ளி' என்ற சொல் படுத்தியதுபோல் வேறெந்தச் சொல்லும் படுத்தி நான் பார்த்ததில்லை. 'பள்ளிகொண்ட பெருமாள்' என்பதற்குப் பொருள் கேட்டேன். "சொந்தமாகப் பள்ளிக்கூடம் வைத்திருந்த பெருமாள்" என்று ஒரு விடை வந்தது. ஊருக்கு நாலு தனியார் பள்ளிகள் முளைத்த காலம் அது. பள்ளியைக் கொண்டவர் என்றால் அதன் தாளாளராகத்தானே இருக்க வேண்டும்? 'திருப்பள்ளியெழுச்சி' என்பதற்கு ஒரு மாணவி எழுதியது இது: "பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று பெருமாளை எழுப்பும் பாடல்." அவள் விடுதியில் தங்கிப் படித்தவள். விடிவதற்கு முன்பே மணியடித்து எழுப்பப்படும் பிள்ளை. 'கதிரவன் குணதிசைச் சிகரம் வந்தணைந்தான்' என்று தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனை எழுப்புவதைப் படித்தபோது அவள் காதில் விடுதி மணிதான் ஒலித்திருக்கும். எழுப்புகிறார்கள், விடிந்துவிட்டது, எழுந்திருக்க மனமில்லை என்ற காட்சி முழுவதும் அவளுக்குச் சரியாகவே பிடிபட்டிருக்கிறது. எதற்காக எழுப்புகிறார்கள் என்பதில் மட்டும் தன் வாழ்க்கையை வைத்துவிட்டாள்.

இந்த இரண்டு விடைகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் 'பள்ளி' என்ற சொல்லுக்கென்றே ஒரு பாடவேளையை ஒதுக்கத் தொடங்கினேன். பள்ளி என்றால் படுக்கை, உறக்கம். அதனால் அரங்கன் பள்ளிகொண்டான். சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய உறைவிடத்துக்கும் பள்ளி என்றே பெயர். துறவிகள் அங்கே கல்வியும் புகட்டியதால் கல்விக்கூடத்துக்கு அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். இஸ்லாமியர் தொழும் இடம் பள்ளிவாசல். மலையாளத்தில் கிறித்தவத் தேவாலயமும் பள்ளிதான். இவ்வளவையும் கரும்பலகையில் ஒரு மரம்போல் வரைந்து காட்டினால் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்க வேண்டும். ஐந்து சமயங்கள் ஒரே சொல்லுக்குள் தங்கியிருக்கின்றன. அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டுதான் அவர்கள் தினமும் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். 'சொந்தமாகப் பள்ளிக்கூடம் வைத்திருந்த பெருமாள்' மட்டும் வந்திருக்காவிட்டால் எனக்கு இந்தப் பாடம் தோன்றியே இருக்காது.

திருநாவுக்கரசர் வரலாற்றைத் தேர்வில் கேட்டுவிட்டால் குறிப்பேட்டுக்குப் பஞ்சமே இராது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் சூலை நோய் கண்டு, திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் வந்து, சிவனைப் பாடி நோய் நீங்கினார் என்பது வரலாறு. விடைத்தாள்களில் அது "ஜூலை நோய்" ஆகிவிடும். ஒரு மாணவன் இன்னும் ஒருபடி மேலே போய், "ஜூலை மாதத்தில் பரவும் காய்ச்சல்" என்று விளக்கமும் தந்திருந்தான். சூலை என்ற சொல்லை வயிற்றுவலிக்கு இன்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆனால் கிரந்த எழுத்தைத் தவிர்க்கும் இதழ்கள் ஜூலை மாதத்தைச் 'சூலை' என்றே அச்சிடுகின்றன. பிள்ளை கண்ட ஒரே 'சூலை' அதுதான். மழைக்காலத்தில் காய்ச்சல் வருவதைக் கண்ட பிள்ளைக்கு ஜூலையில் ஒரு நோய் வருவதில் என்ன தடை? வேறொருத்தி 'சூளை நோய்' என்று எழுதி, செங்கல் சூளையில் வேலை செய்ததால் வந்தது என்றாள். இதை வெறும் எழுத்துப் பிழை என்று தள்ளிவிட முடியாது. அப்பரைப் பல்லவ மன்னன் சுண்ணாம்பு நீற்றறையில் இட்டான் என்ற பகுதி அதே பாடத்தில் இருக்கிறது. அவள் நினைவில் நோயும் சூளையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எங்கள் ஊர்ப்பக்கம் சூளைகளும் நிறைய. அந்த வேலைக்குப் போய் நெஞ்சு கெட்டவர்களை அவள் பார்த்திருப்பாள்.

அப்பர் பாடிய முதற்பதிகம் 'கூற்றாயினவாறு விலக்ககலீர்' என்று தொடங்கும். கூற்று என்றால் எமன். "கூற்று என்பது சரியா தவறா என்று நாம் சொல்ல வேண்டிய வாக்கியம்" என்று ஒரு பத்தாம் வகுப்பு மாணவன் எழுதினான். தேர்வில் 'கூற்று, காரணம்' என்று ஒரு வினாவகை உண்டு. அந்த ஆண்டு முழுவதும் அவனுக்கு அதைத்தான் பழக்கியிருந்தோம். சம்பந்தரின் 'தோடுடைய செவியன் விடையேறி' என்ற அடியிலும் இதே கதைதான். விடை என்றால் காளை. இறைவன் காளையேறி வருகிறான். "எல்லா வினாக்களுக்கும் விடை அறிந்தவன்" என்று எழுதிவிட்டார்கள். விடைத்தாளில் உட்கார்ந்து விடை என்ற சொல்லுக்குக் காளை என்று எழுதுவது எத்தனை பிள்ளைகளுக்குத் தோன்றும்?

அதே அடியை மேற்கோளாக எழுதச் சொன்னபோது ஒரு மாணவி 'தோடுடைய செவியர்' என்று எழுதினாள். மறந்துபோய் மாற்றிவிட்டாளோ என்று கேட்டேன். "கடவுளை 'அன்' போட்டு எழுதலாமா ஐயா, தப்பில்லையா?" என்றாள். தெரிந்தே மாற்றியிருக்கிறாள். வீட்டில் பெரியவர்களை 'அவர்' என்று சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, மூன்று வயதுச் சம்பந்தர் இறைவனைச் 'செவியன்' என்பதும், 'என் உள்ளங்கவர் கள்வன்' என்பதும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பக்தி இலக்கியத்தின் உயிர்நாடியே அந்த ஒருமையில் இருக்கிறது. அடியவர் இறைவனை நீ என்பார், கள்வன் என்பார், பித்தன் என்பார், நெருக்கம் அப்படி. மேற்கோளை மாற்றி எழுதக் கூடாது என்பதால் அரை மதிப்பெண் குறைத்தேன். ஆனால் அன்று நடத்திய பாடம் அவள் கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. பித்தா என்று சுந்தரர் பாடத் தொடங்கிய கதையைச் சொன்னபோது அவள் முகத்தில் வந்த சிரிப்பை மறக்க முடியவில்லை.

ஓரெழுத்து மாறுவதால் வரும் பிழைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 'மகாவீரர் எழுபத்திரண்டாம் வயதில் மோசம் அடைந்தார்' என்பது ஆண்டுக்கு ஒரு தாளிலாவது வரும். மோட்சம் என்பதில் ஓர் எழுத்து நழுவிவிட்டது. 'சமயக் குறவர்' என்பது மிகப் பரவலான பிழை. குரவர் என்றால் பெரியோர், ஆசான். வல்லின றகரம் போட்டால் மலைவாழ் மக்கள் ஒரு பிரிவினரின் பெயராகிவிடும். ஒரு மாணவன் அதோடு நிற்காமல், நால்வரையும் குறிஞ்சி நிலத்தில் குடியேற்றித் தேனும் தினையும் உண்ணச் செய்திருந்தான். அகத்திணைப் பாடத்தை அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறான். இதைச் சொல்லித் திருத்தும்போது, குறவர் என்பது இழிவான சொல் என்ற எண்ணம் வகுப்பில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முருகனின் வள்ளியே குறமகள்தான்.

ஆழ்வார் என்பதை 'ஆள்வார்' என்று எழுதி, "பன்னிரண்டு நாடுகளை ஆண்டவர்கள்" என்று முடித்த விடையும் உண்டு. இறைவனின் குணங்களில் ஆழ்ந்தவர் என்பதே வழிவழியாக வரும் விளக்கம். அதைத்தான் வகுப்பில் சொல்கிறோம். ஆனால் ஆள்வார் என்ற சொல்லே ஒலி திரிந்து ஆழ்வார் ஆயிற்று என்று கல்வெட்டுச் சான்றுகளைக் காட்டி வாதிட்ட ஆய்வாளரும் இருக்கிறார். எழுத்துப் பிழை என்று சிவப்பு மையால் சுழித்த இடத்தில் ஆராய்ச்சியாளர்கள் நின்று விவாதித்திருக்கிறார்கள். "ஸ்ரீவில்லிபுத்தூரை ஆண்டாள், அதனால் ஆண்டாள்" என்ற விடையும் அதே வகையைச் சேர்ந்ததுதான். அரங்கனையே ஆண்டாள் என்று வைணவர்கள் சொல்வார்கள். வினைமுற்றைச் சரியாகவே பிடித்த மாணவன் செயப்படுபொருளை மட்டும் மாற்றிவிட்டான்.

பெயர்க் குழப்பங்கள் வேறு வகை. "திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் போப்பாண்டவர்" என்று எத்தனையோ தாள்களில் பார்த்திருக்கிறேன். ஜி.யு.போப் திருக்குறள் மொழிபெயர்ப்பை 1886-லும் திருவாசக மொழிபெயர்ப்பை 1900-லும் வெளியிட்டவர். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த குருவானவர். ரோமாபுரித் திருத்தந்தையின் தலைமையை ஏற்காத சபை அது. ஒரு பெயர் எத்தனை பெரிய தூரத்தைத் தாண்டிவிட்டது பாருங்கள். "1517-இல் மார்ட்டின் லூதர் கிங் கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்தார்" என்பது மற்றொன்று. இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் உண்மையான தொடர்பு இருக்கிறது. அமெரிக்கப் போராளி பிறந்தபோது அவருக்கு வைத்த பெயர் மைக்கேல். பாப்டிஸ்டுப் போதகரான தந்தை 1934-இல் ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு, சீர்திருத்தவாதியின் நினைவாகத் தன் பெயரையும் மகன் பெயரையும் மார்ட்டின் லூதர் என்று மாற்றிக்கொண்டார். இதை ஒருமுறை வகுப்பில் சொல்லிவிட்டால் பிள்ளை இரண்டு பேரையும் ஆயுளுக்கும் குழப்பாது.

இராமானுஜரின் நிலைமையும் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த வைணவ ஆசாரியரை ஈரோட்டில் பிறந்த கணித மேதையோடு சேர்த்து, "விசிஷ்டாத்வைதத்தைக் கண்டுபிடித்து இங்கிலாந்து சென்றார்" என்று எழுதுவார்கள். இருவருக்கும் இடையே எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. ஆசாரியர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, மறைவாகக் காக்கச் சொன்ன மந்திரத்தை எல்லோரும் கேட்க உரைத்தார் என்ற நிகழ்ச்சியை ஒரு மாணவன் "மாடியில் ஏறிப் பரம ரகசியத்தைக் கத்திவிட்டார்" என்று எழுதினான். இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.

சமூக அறிவியல் தாள்களில் புத்தர் அடிக்கடி சாலை போடுவார். 'எண்வழிப் பாதை' என்பதுதான் காரணம். சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே எட்டுவழிச் சாலை வரப்போகிறது என்று 2018-இல் தினமும் செய்தி வந்தபோது, "புத்தர் மக்களின் துன்பத்தைப் போக்க எட்டுவழிச் சாலை அமைத்தார்" என்ற விடை அந்தப் பக்கத்துப் பள்ளியில் திருத்தும் நண்பர் ஒருவருக்கு வந்தது. நிலம் போய்விடுமோ என்று வீடுகளில் பேச்சு நடந்த நேரம். துன்பத்தையும் சாலையையும் அந்தப் பிள்ளை ஒரே வரியில் வைத்ததை நண்பர் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். புத்தர் ஞானம் பெற்றது 'அரசாங்க மரத்தின்' அடியில் என்று எழுதுவதும் உண்டு. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, அரசுப் பேருந்து என்று பழகிய பிள்ளைக்கு அரசமரமும் அரசாங்கத்துடையதுதான். மகாவீரரின் மும்மணிகள் (நன்னம்பிக்கை, நல்லறிவு, நல்லொழுக்கம்) ஒரு தாளில் கோயில் மணிகளாகத் தொங்கின; இன்னொன்றில் "பிற்பகல் 3 மணிக்கு அவர் போதித்தார்" என்று கடிகார மணியாயின. தீர்த்தங்கரர் "கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர்" ஆனார். தீர்த்தம் என்றால் ஆற்றைக் கடக்கும் துறை என்றும் பொருள் உண்டு. பிறவி ஆற்றைக் கடக்கத் துறை அமைத்துத் தருபவர் தீர்த்தங்கரர். பிள்ளை அறிந்த துளசித் தீர்த்தமும் அந்த வேரிலிருந்து வந்ததுதான்.

'நிர்வாணம்' என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேச்சுத் தமிழில் அதற்கு ஒரே ஒரு பொருள்தான். புத்தர் நிர்வாணம் அடைந்தார் என்று ஆசிரியர் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தேர்வில் "புத்தர் கடைசியில் ஆடையைத் துறந்தார்" என்று விடை வரும். திகம்பர சமணத் துறவிகளோடு கலந்துவிடுவதும் உண்டு. ஆசிரியர்கள் பலர் சங்கடப்பட்டு இந்தச் சொல்லை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டக் கூடாது. நான் ஓர் அகல்விளக்கை வகுப்புக்கு எடுத்துப்போய் ஏற்றி வைப்பேன். எண்ணெய் தீர்ந்து அது தானே அணையும் வரை காத்திருப்போம். அணைந்ததும், "இதுதான் நிர்வாணம். ஆசை என்ற எண்ணெய் தீர்ந்து, துன்பம் என்ற சுடர் அணைவது" என்பேன். அதன் பிறகு எந்த வகுப்பிலும் அந்தச் சிரிப்பு எழுந்ததில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்துக்கு வந்த விடைதான் என் குறிப்பேட்டிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. "சீறாப் புராணம் என்றால் சீறாத புராணம், அதாவது கோபப்படாத நபிகளின் கதை. இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்." சீறா என்பது வாழ்க்கை வரலாறு என்ற பொருள்தரும் 'சீரத்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. அது தெரியாத மாணவனுக்குக் கையிலிருந்த கருவி, அதற்கு முந்தைய வாரம் நான் நடத்திய இலக்கணம். ஓடா மான், பாடாக் குயில், சீறாப் புராணம். இலக்கணப்படி அவன் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பொருளுக்கு மதிப்பெண் தர முடியவில்லை. இலக்கணக் குறிப்பு என்று பக்கத்தில் எழுதி ஒரு மதிப்பெண் சேர்த்தேன். அந்த வகுப்பிலிருந்த முஸ்லிம் மாணவன் ஒருவன், "நபிகள் கோபத்தை அடக்குபவனே வீரன் என்று சொல்லியிருக்கிறார்கள் ஐயா, இவன் எழுதியதும் பொருந்துகிறது" என்றான். அந்தப் பையனின் பெருந்தன்மையை நினைத்து இன்றும் மகிழ்கிறேன்.

எல்லா நாளும் அப்படி இனிதாக முடியவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு மாணவன் "இஸ்லாத்தின் ஐந்து தூண்கள் மெக்காவில் உள்ளன" என்று எழுதி, தஞ்சைப் பெரிய கோயில் தூண்களைப் போல் ஐந்து தூண்களைப் படமும் வரைந்திருந்தான். கலிமா, தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் என்ற ஐந்து கடமைகளைத்தான் தூண்கள் என்கிறோம். படம் அழகாக இருந்தது. அதை வகுப்பில் உயர்த்திக் காட்டி, விடையைப் படித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வரைந்தவனும் சிரித்தான். மூன்றாம் வரிசையில் இருந்த முஸ்லிம் மாணவி ஒருத்தி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த விடையை அவள் எழுதவில்லை, அவளை யாரும் பார்க்கவும் இல்லை. இருந்தும், தன் வீட்டில் புனிதமாகச் சொல்லப்படும் ஒன்றைச் சுற்றி நாற்பது பேர் சிரிப்பது அவள் காதில் விழுந்தது. பிழையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சமயத்தைப் பார்த்து அல்ல என்று பிரித்தறிய ஒரு குழந்தையால் எப்படி முடியும்? அன்று மாலை அவளைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தேன். அதற்குப் பிறகு சமயம் தொடர்பான எந்தப் பிழையையும் வகுப்பில் உரக்கப் படித்ததில்லை.

ஆகவே புதிதாகத் திருத்த வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சிரிப்பு வந்தால் ஆசிரியர் அறையில் சிரித்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையைத் தனியே அழைத்து, "எப்படி இப்படி எழுதத் தோன்றியது?" என்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் பதில் வராது. தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டால் வரும். பெயர் மாறியிருந்தால் அந்த இரண்டு பேரின் கதையைச் சொல்லுங்கள். ரகரமும் றகரமும் மாறியிருந்தால் ஒலித்துக் காட்டுங்கள். பொருள் மாறியிருந்தால், அந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டாமல் நாம்தான் விட்டுவிட்டோம் என்று கொள்ளுங்கள். வினாத்தாள் தயாரிப்பவர்களும் 'பொருள் தருக' என்று ஒற்றைச் சொல்லைக் கேட்பதற்குப் பதில் அது வரும் அடியோடு சேர்த்துக் கேட்டால் பாதிப் பிழைகள் குறையும். மேலே சிலுவையோ, 786-ஓ, பிள்ளையார் சுழியோ போட்டுத் தொடங்கும் தாள்களைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பயத்தோடு எழுத உட்காரும் பிள்ளை அது. பிற சமயத்தாரை இழிவாக எழுதும் விடை எப்போதாவது வரும். அதை வேடிக்கைப் பிழைகளோடு சேர்க்காதீர்கள். அதற்கு மதிப்பெண் குறைப்பதால் பயனில்லை. உட்கார வைத்துப் பேச வேண்டும்.

குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்பரின் 'நாமார்க்கும் குடியல்லோம் நமனை அஞ்சோம்' என்ற அடிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய பொருள்: "நாங்கள் யாரும் குடிப்பதில்லை. அதனால் எங்களுக்கு எமனைப் பற்றிப் பயம் இல்லை."

முதலில் சிரித்தேன். பிறகு அந்த 'அதனால்' என்ற சொல் உறுத்தியது. செய்யுளில் அது இல்லை, அவன் சேர்த்திருக்கிறான். பள்ளி விட்டதும் அவனை நிறுத்தி, எப்படி எழுதினாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரவில் அப்பாவைத் தேடிக் கடைத்தெருவுக்குப் போய்க் கூட்டிவருவது தன் வேலை என்றும், ஒருநாள் அவரைத் தண்டவாளத்தின் பக்கத்தில் கண்டதாகவும் சொன்னான். "குடிக்காமல் இருந்தால் பயம் இல்லைதானே ஐயா?"

எதிர்ச் சுவரில் 'குடி குடியைக் கெடுக்கும்' என்று எழுதியிருந்தது. அதைக் காட்டி, இந்த வரியில் எத்தனை குடி இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு என்றான். இரண்டுக்கும் ஒரே பொருளா என்றேன். யோசித்து, "முதலில் இருப்பது சாராயம், இரண்டாவது குடும்பம்" என்றான். மூன்றாவதாக ஒரு குடி உண்டு, அரசனுக்கு அடங்கிய குடி என்று சொல்லி, பல்லவ மன்னன் ஆள் அனுப்பி அப்பரை அழைத்ததையும், வர மாட்டேன், நாங்கள் யாருக்கும் அடிமைக் குடிகள் அல்லோம், எமனுக்கும் அஞ்சோம் என்று அவர் மறுத்ததையும் சொன்னேன். நீற்றறை, நஞ்சு, யானை, கல்லில் கட்டிக் கடலில் எறிந்தது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். 'இன்பமே எந்நாளும் துன்பமில்லை' என்ற அடியை இருமுறை சொல்லச் சொன்னான்.

"அப்படியென்றால் இந்தப் பாட்டு குடிக்காதவர்களுக்கு மட்டும் இல்லையா ஐயா?"

இல்லை, பயப்படுகிற எல்லோருக்கும் என்றேன். மறுநாள் பார்த்தேன். அவனுடைய தமிழ் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பாட்டு முழுவதும், ஒரு பிழையும் இல்லாமல், பெரிய எழுத்தில் இருந்தது.